முன்னூற்றுப் பதினெட்டுப் பெட்டிகள்

"முன்னூத்திப் பதினெட்டுப் பெட்டி மேடம்! ஒன்னு ரெண்டு இல்ல, முன்னூத்திப் பதினெட்டு!"

டீச்சர் மேசையைத் தட்டிய தட்டில் ஆலோசகர் அம்மாவின் தண்ணீர் டம்ளர் துள்ளிக் குதித்தது. குடும்பநல ஆலோசனை மையத்தின் அந்தச் சின்ன அறையில் மூன்று நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் யாரோ ஒரு குடும்பம் சிரிக்கும் படம். டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கணவன், லிஃப்ட் மெக்கானிக், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் விரல் நுனிகளில் சாம்பல் நிறப் பெயிண்ட் இன்னும் போகவில்லை.

"பெட்டிக்குள்ள என்னம்மா இருக்கு?"

"ஏரோபிளேன், கப்பல், ரயில் இன்ஜின். எல்லாம் பிளாஸ்டிக்ல, துண்டு துண்டா. ஒட்டிப் பெயிண்ட் அடிச்சா அசல் மாதிரியே இருக்கும்."

"ஓ, விளையாட்டுச் சாமானா?"

"விளையாட்டுச் சாமான் இல்ல மேடம், ஸ்கேல் மாடல்! அசல்ல எழுபத்திரண்டுல ஒரு பங்கு. ஒரு ஜன்னல் கூட அளவு தப்பாது."

பாவம், கேட்டுக் கேட்டு இவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது என்று ஆலோசகர் அம்மாவுக்கு வயிறு எரிந்தது. அவர் வீட்டிலும் ஒரு மனுஷர் உண்டு. பதினான்கு கேமரா வாங்கி அடுக்கியவர். ஒரு குடும்பப் படம் எடுங்கள் என்றால் மட்டும் மனைவியின் போனைக் கேட்பார்.

"இத்தனையையும் எங்கேம்மா வச்சிருக்கு?"

"கட்டிலுக்கு அடியில, பரண்ல, பீரோ மேல, பீரோ உள்ள. துணியெல்லாம் சூட்கேஸ்ல கிடக்கு."

"எப்போலேர்ந்து இந்தப் பழக்கம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எல்லாம் பேசியாச்சு. ஒளிவு மறைவே கிடையாது."

"பேசிட்டா போதுமா? மனுஷங்க குடியிருக்க வேண்டாமா?" ஆலோசகர் அம்மாவின் பார்வை மெக்கானிக்கைச் சுட்டது. அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

"கேளுங்க மேடம்," டீச்சர் தொடர்ந்தாள். "நாலு நாள் எங்கம்மாவைப் பாத்துட்டு வரேன். கதவைத் திறந்தா குப்புனு பசை நாத்தம். சாப்பாட்டு மேசை பூரா பேப்பர், கத்தி, பெயிண்ட் டப்பா. நடுவுல இவரு உக்காந்து என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? பதினோரு வருஷம் நம்பினேனே மேடம்."

"அது வந்து..." என்று மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"நீங்க சும்மா இருங்க சார். உங்க முறை வரும்."

வரவில்லை. அந்த அறையில் அன்று அவன் முறை வருவதாகவே இல்லை.

"ஒன்னு மட்டும் சொல்லுங்க சார். முன்னூத்திப் பதினெட்டுல செஞ்சு முடிச்சது எத்தனை?"

"ஒன்னு மேடம்." மெக்கானிக்கின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "போர்க்கப்பல். பீரங்கியெல்லாம் திரும்பும். போட்டோ காட்டட்டுமா?"

"பாத்தீங்களா, கொஞ்சம்கூட வெக்கமில்லாம சொல்றதை!" டீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆலோசகர் அம்மாவுக்கோ கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஒன்னே ஒன்னா? மிச்சத்தை எப்பப் பிரிக்கிறதா உத்தேசம்? அடுத்த ஜென்மத்துலயா? வீட்டை கோடவுன் ஆக்கிட்டு, கட்டின பொண்டாட்டியை அழ வச்சுட்டு, போட்டோ காட்டறாராம் போட்டோ!"

"எனக்கு நியாயம் வேணும் மேடம்," டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே இப்படி நடக்காதுன்னு இவர் எழுத்துல தரணும். இல்லன்னா இன்னையோட இவர் வேற, நான் வேற."

மெக்கானிக் பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினான். "அப்படியெல்லாம் சொல்லாதம்மா. நீ இல்லாத வீட்டுல நான் மட்டும் என்ன பண்ணுவேன்? மேடம் என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடறேன்." அவன் நடிக்கவில்லை. கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

அந்த மையத்தில் எந்தச் சண்டையும் ஒரு தாளில்தான் முடியும். ஆலோசகர் அம்மா எழுதுவார், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள், அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து அதன்படி நடக்க வேண்டும். அன்று அவர் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். பதினான்கு கேமராவுக்கும் சேர்த்து எழுதியதாக வைத்துக்கொள்ளலாம். எழுதிய தாளை மெக்கானிக்கின் முன்னால் தள்ளி, பேனாவையும் கொடுத்து, எழுதியதை வாயாலும் சொன்னார்.

"புதுப் பெட்டி ஒன்னு கூட இனி வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஞாயித்துக்கிழமை தோறும் சார் ஒரு பெட்டியைப் பிரிக்கணும், அடுத்த ஞாயிறுக்குள்ள ஒட்டி முடிக்கணும். முன்னூத்திப் பதினேழும் தீர்ற வரைக்கும் விடப்போறதில்ல!"

டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "பிரிக்கவா? ஐயோ மேடம், அத்தனையும் என் பெட்டி! இருபது வருஷமா நான் தேடித் தேடி வாங்கினது, ஒன்னோட உறையைக்கூட நான் கிழிச்சதில்ல. ஊருக்குப் போன நேரம் பாத்து இந்த மனுஷன் அதுல ஒன்னைப் பிரிச்சு ஒட்டித் தொலைச்சுட்டாரேன்னுதானே உங்ககிட்ட நியாயம் கேக்க வந்தேன்!"

மெக்கானிக் அதற்குள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான்.