நாற்பத்தொரு வளையல்கள்

தேர்வு மைய வாசலில் நின்ற காவல் பெண் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். கைகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"வளையலைக் கழட்டிட்டு வாங்கம்மா. ஒன்றரைக்கு கேட்டை மூடிருவோம்."

மணி ஒன்று ஐந்து.

இரண்டு கையிலும் சேர்த்து நாற்பத்தொரு கண்ணாடி வளையல்கள். போன வெள்ளிக்கிழமை வளைகாப்பில் போட்டவை. பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது.

தாலிக்கு விலக்கு உண்டு என்று நுழைவுச்சீட்டில் படித்திருந்தாள். வளைகாப்பு வளையலுக்கும் இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். இயற்பியலில் கல்லூரிக்கே முதலாவதாக வந்தவளின் லட்சணம் இது.

கூட வந்திருந்த அம்மா அவள் முழங்கையைப் பிடித்து பஸ் ஸ்டாப் பக்கம் இழுத்தாள்.

அவள் நகரவில்லை. முதுகலையில் சேர இந்த ஒரு தேர்வுதான் வழி. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை சொன்னார்கள். பின்பும் ஒருமுறை சொன்னார்கள். கைப்பிள்ளைக்காரியிடம் மூன்றாம் முறை சொல்வார்கள். அதோடு முடிந்தது.

எதிர்ப்பக்க டீக்கடையின் குழாயடியில் ஒரு சோப்புத் துண்டு இருந்தது.

கழற்றினாள். பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. அம்மா முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். வாய் முணுமுணுத்தபடியே இருந்தது. சாமியைக் கும்பிடுகிறாளா, மகளைத் திட்டுகிறாளா என்று தெரியவில்லை.

வலது கையில் மூன்று மட்டும் வர மறுத்தன. ஏழு மாத வீக்கம். எலும்பு நோக இழுத்தும் அசையவில்லை.

ஒன்று இருபது.

அவள் குழாயடிச் சுவரைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் பதினாறாம் நாளில், அம்மாவின் வளையல்களைச் சொந்தக்காரப் பெண்கள் பிடித்துவைத்து உடைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கைகள் மொட்டைதான். வளைகாப்பு நடந்த வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. மகளுக்கு ஒரு வளையல்கூட அவளைப் போடவிடவில்லை.

மகள் கண்ணை மூடாமல் கையைச் சுவரில் அடித்தாள்.

மூன்று அடி. மணிக்கட்டில் கொஞ்சம் ரத்தம். பயமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓட முடியாது. வேகமாக நடந்தாள். காவல் பெண் வெறுங்கைகளைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டாள்.

கேட் மூடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

வெளியே, பெற்றோர் கூட்டத்துக்கு நடுவில், அம்மா முந்தானையிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்துத் தன் கையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு சிவப்பு. பக்கத்தில் நின்ற பெண்கள் பொட்டில்லாத அந்த நெற்றியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அம்மா அடுத்ததை எடுத்தாள்.

"அவசரப்படாம எழுதுடி," என்று கம்பிக்கு வெளியிலிருந்து உரக்கச் சொன்னாள். "அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."