உருளாத வண்டி

"இன்னும் ஒரே ஒரு தடவை மாஸ்டர்" என்றாள் கணக்கு டீச்சர்.

மாஸ்டர் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். சேறும் பாறையும் மேடுமாகப் பரந்து கிடக்கும் அந்த மைதானத்தில், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளை வாங்க வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பதினோரு வருடத்தில் சேற்றைக் கண்டதும் குழந்தையாகிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறார், பாறைமேல் ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற வீராதி வீரர்களையும் பார்த்திருக்கிறார். சரிவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புது வண்டி. டீச்சர் விலையைக் கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. நேராகச் சரிவுக்கு ஓட்டினாள். இறக்கத்தில் பாதி வழியில் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

'டக்' என்று ஒரு சத்தம். வண்டி தானே பிரேக்கைப் பூட்டிக்கொண்டு நின்றது. மாஸ்டரும் இறங்கப் போனார்.

"நீங்க இறங்காதீங்க. அந்த சீட்லயே இருங்க. பெல்ட்டும் போட்டுக்கிட்டே இருங்க."

இப்படியே மூன்று தடவை ஆயிற்று. மூன்று தடவையும் வண்டி இம்மியும் நகரவில்லை.

"ஏன் டீச்சர், ஒரே கணக்கை நாலு தடவை போட்டா விடை மாறிடுமா?"

"மாறாது." அவள் சிரிக்கவில்லை. "ஆனா எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும். ஓட்டறவர் இறங்கிட்டா இந்த வண்டி தானா உருளுமா, உருளாதா? சாயந்திரம் எங்க பாப்பா இதே மாதிரி வண்டியில ஏறப்போறா. என் தங்கச்சி பொண்ணு, மூணு வயசு."

"அட, தங்கச்சி வீட்லயும் நம்ம வண்டிதானா?"

"மாப்பிள்ளை முன்னாடி வச்சிருந்ததும் இதுதான். இப்ப புதுசா எடுத்திருக்கறதும் இதேதான். பாப்பா இவ்வளவு நாளா எங்க அம்மாகிட்ட இருந்தா. கூட்டிட்டுப் போக வர்றார்."

"பாத்தீங்களா! எவ்வளவு நம்பிக்கை இருந்தா மனுஷன் மறுபடியும் இதையே வாங்கியிருப்பார்!"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியம்மா மனசு, பயப்படத்தானே செய்யும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

நாலாவது தடவை. டீச்சர் இறங்கினாள். கதவில் ஒரு கையை வைத்தபடி நின்றாள். உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. வண்டி நிற்க வேண்டுமே என்று எல்லா சாமியையும் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது, பாவம்.

வண்டி நின்றது. கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது.

"அந்தப் பூட்டை எடுக்கவே முடியாதா மாஸ்டர்?"

"எடுக்கலாம். வண்டி பழுதாகிக் கட்டி இழுக்கணும்னா எடுத்துத்தானே ஆகணும்?" மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சின்ன பட்டனைக் காட்டினார். "இதைப் பத்து எண்ணற வரைக்கும் அழுத்தணும். நிஜமாவே பூட்டை எடுக்கணுமான்னு திரையில கேக்கும். மறுபடியும் அழுத்தணும். கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம்தான் விடும்."

"கை தவறி...?"

"சான்ஸே இல்ல. கை தவறி நடக்கற காரியமா இது? வேணும்னே செஞ்சாத்தான் உண்டு."

டீச்சர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். செல்போனை எடுத்தாள்.

"அம்மா, மாப்பிள்ளை வந்தா பாப்பாவைக் குடுக்காத. கதவைச் சாத்திக்க. ஏன்னு கேக்காத, நான் வந்துட்டே இருக்கேன்."

மாஸ்டர் பதறியடித்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். "என்ன டீச்சர் இது? வண்டிதான் பத்திரமா நிக்குதே! சந்தோஷப்படறதை விட்டுட்டு அழறீங்களே!"

"உருளணும்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்றாள் டீச்சர். "ஒரு சாண் உருண்டிருந்தாப் போதும் மாஸ்டர். விதின்னு நெனச்சு மனசை ஆத்திக்கிட்டுப் போயிருப்பேன்."

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அழுக்குக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தாள்.

"அந்த எடத்துலதான் என் தங்கச்சி உக்காந்திருந்தா. மாப்பிள்ளை மட்டும் இறங்கி நின்னார். வண்டி அவளையும் சேத்து இழுத்துக்கிட்டுப் பள்ளத்துல விழுந்துடுச்சு."

மாஸ்டரின் கண் அந்தச் சின்ன பட்டனுக்குப் போயிற்று.

"தானா உருண்டுடுச்சுன்னு சொன்னார் மாஸ்டர்."