ஐந்து மதிப்பெண் கேள்வி

பாடநூல் அலுவலகத்தில் மங்களவல்லிக்கு மாதிரி விடை எழுதும் வேலை. பத்தாம் வகுப்பு வரலாற்றுக்கு ஒரு கேள்வி வந்திருந்தது: 'இடைக்காலத் திருப்புமுனைகளில் எதை மாற்றியிருந்தால் உலகம் நன்றாக இருந்திருக்கும்?'

மேசைமேல் இருந்த இயந்திரத்தில் பழைய நிகழ்வு ஒன்றைத் திருத்தினால் போதும். திருந்திய உலகத்தை அது இன்றுவரை, ஊர் ஊராக, ஆள் ஆளாகக் காட்டிவிடும்.

மூன்று வாரம் அவள் திருத்திக்கொண்டே இருந்தாள். 1279இல் சோழர்களை வீழாமல் நிறுத்தினாள். 1311இல் மதுரைக்கு வந்த மாலிக் காபூரின் படையைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினாள். ஐரோப்பாவை அழித்த கொள்ளைநோயைத் துறைமுகத்திலேயே தடுத்தாள். ஒவ்வொரு உலகத்திலும் ஒரே ஒரு பெயரைத் தேடினாள்.

கண்காணிப்பாளர் தேவசகாயம் விடையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதையும் மாத்த வேண்டாம்னு எழுதியிருக்கீங்களேம்மா. எத்தனை லட்சம் பேர் செத்திருக்காங்க! ஒண்ணைக்கூடவா மாத்தக் கூடாது?"

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் சார். ஏதாவது ஒரு உலகத்துல பரணிக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்காதுன்னு நெனச்சேன்."

தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்தார். டெங்குவில் போன அவள் மகனுக்கு அவர் இதே அறையில், ஆயுதபூஜை அன்று, இரண்டு கையாலும் பொரி அள்ளிக் கொடுத்திருக்கிறார்.

"எதுலயும் பொழைக்கலியாம்மா?"

"எதுலயும் பொறக்கவே இல்ல சார். இத்தனை பேரும் செத்த இந்த உலகத்துலதான், ஆறு வருஷமாவது இருந்தான்."