ஒரு துண்டுக்கு ஒரு குரைப்பு

கோழி ஈரல் கைக்கு அடங்காமல் வழுக்கியது.

முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தாள். அப்படியும் வாடை ஏறியது. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, முட்டைகூட வாசல் தாண்டி வந்ததில்லை.

இது நாய்க்கு.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. ஈரக் கையோடு ஓடினாள். அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதாம். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாயிற்று.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா" என்றாள்.

தினமும் சொல்கிற பொய். அவர் உட்கார்ந்துவிட்டார்.

எல்லா நாளும் அது பலிப்பதில்லை. அவள் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து இறங்கிவிடுவார். தெரு முடிகிற இடத்தில் தண்டவாளம். யார் யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டிருக்கிறார்கள்.

கேட்டைப் பூட்டிப் பார்த்தாள். கம்பியில் நெற்றியை மோதி மோதி உடைத்துக்கொண்டார். ரத்தத்தைத் துடைத்த கையோடு பூட்டைக் கழற்றி எறிந்தாள்.

மகன் போனில் ஏதோ ஒரு இல்லத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் வைத்துவிட்டாள்.

மிச்சமிருந்தது ஜூலி. எங்கிருந்தோ வந்து வாசலோடு ஒட்டிக்கொண்ட நாய். அவர் கேட்டைத் தொட்டால் அது குரைக்க வேண்டும். அவ்வளவு போதும்.

பிஸ்கட்டைக் காட்டிப் பழக்கினாள். மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாதான் சொன்னாள். "ஈரல்னா அதுக்கு உசுருக்கா. ஒரு துண்டுக்கு நீங்க என்ன சொன்னாலும் கேக்கும்." அவளே வாங்கியும் வந்து கொடுத்தாள்.

வேகவைத்தாள். அரைத்தாள். கோதுமை மாவில் பிசைந்து தட்டினாள். நகத்தளவு துண்டுகளாக நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் காயக் காய வாட்டி ஒரு டப்பாவில் போட்டாள்.

இனி அந்தக் கல்லில் தோசை வார்க்க முடியாது.

போகட்டும்.

அவர் கையைப் பிடித்துக் கேட்வரை நடத்தினாள். தாழ்ப்பாளைத் தொட வைத்தாள். "ஜூலி, குரை. குரைம்மா." அது டப்பாவைப் பார்த்து வாலாட்டியது. மறுபடி நடத்தினாள். மறுபடி. கடைசியில் அவளே குரைத்துக் காட்டினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, மூடியது. அழுதுகொண்டே குரைத்தாள்.

ஜூலி குரைத்தது.

ஒரு துண்டு.

தாழ்ப்பாள். குரைப்பு. துண்டு.

பிடித்துக்கொண்டது. வெகுநாள் கழித்து அவள் உட்கார்ந்து சோறு தின்றாள். கதவைச் சாத்திக்கொண்டு குளித்தாள்.

ஒரு மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். எதுவும் சத்தம் போடவில்லை. அதுதான் எழுப்பியது.

கேட் திறந்து கிடந்தது.

அவர் இல்லை. ஜூலி இல்லை. அடுக்களை அலமாரியில் டப்பா இல்லை.

செருப்பில்லாமல் ஓடினாள். தெருமுனையில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பின் பெட்டி. குனிந்து சக்கரங்களுக்கு நடுவே பார்த்தாள். வெயிலும் நிழலும் மாறி மாறி வெட்டின.

"ஜூலி! குரை! குரைட்டி!"

தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

பெட்டி. பெட்டி. பெட்டி.

வண்டி முடிந்தது.

அந்தப் பக்கம், அடுக்கிப் போட்டிருந்த சிமெண்ட் கட்டைகள்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா. முழங்காலில் முகத்தை வைத்து ஜூலி மென்றுகொண்டிருந்தது.

அவரும் மென்றுகொண்டிருந்தார்.

அவள் தண்டவாளத்தைத் தாண்டி வந்தாள். வேற்றுப் பெண் ஒருத்திக்கு இடம் விடுவதுபோல அவர் மரியாதையாக நகர்ந்துகொண்டார்.

"உக்காருங்கம்மா. இப்படி மூச்சு வாங்குதே."

டப்பாவை நீட்டினார்.

"எடுத்துக்கிடுங்க. எங்க வீட்டுல செஞ்சது. உப்புப் போட மறந்துட்டா. ஆனா எங்க காந்திமதி கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது."

அவர் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டு அவளுக்கு எவ்வளவோ காலமாகியிருந்தது.

ஒரு துண்டை எடுத்தாள். ஜூலி அவள் கையையே பார்த்தது.

வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்குல்லா?" என்றார்.

அவள் இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.