மூன்றாவது தட்டு

பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட்டுக்கு அந்தந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரியும். குடும்ப அட்டையைப் பார்த்துத்தான் அது பெருக்கல் கணக்குப் போடும். மூன்றாம் வகுப்புப் பெனிட்டாவுக்கு நேற்று வரை திரையில் மூன்று தட்டுகள் வந்தன. தட்டுக்கு நான்கு இட்லியை விரலால் இழுத்து வைத்து, பன்னிரண்டு என்று எழுதுவாள்.

இன்று காலை இரண்டு தட்டுகள்தான் வந்தன.

"அம்மா, அப்பா தட்டக் காணல."

ஜெனோவா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். கணவன் கஸ்பார் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நேற்றுச் சாயங்காலம்கூட மீன்வளத்துறை ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

டீச்சருக்குப் போன் போட்டாள்.

"கணக்கு தப்பா வருது டீச்சர்."

டீச்சர் தன் பட்டியலைத் திறந்து பார்த்தார். "அட்டையில இப்ப ரெண்டு பேருதான் இருக்கு. அதுல இருந்து அதுவா எடுத்துக்கிடும்மா. என்னால மாத்த முடியாது."

பெனிட்டா ஓரத்திலிருந்து இன்னொரு தட்டை இழுத்து வந்தாள். அது நழுவிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. பன்னிரண்டு என்று எழுதினாள். தவறு, மறுபடி செய் என்றது டேப். நான்கு முறை எழுதினாள். நான்கு முறையும் தவறு.

"எட்டுன்னு போட்டாத்தான் அடுத்த பாடம் தொறக்கும்மா. போடட்டா?"

"போடாதட்டி. அப்பா வந்துருவாவ."

"எல்லாப் பிள்ளையளும் அடுத்த பாடத்துக்குப் போயிட்டும்மா."

ஜெனோவா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பெனிட்டா எட்டு என்று எழுதினாள். டேப் கைதட்டியது. ஜெனோவா அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கைதட்டல் நிற்கவில்லை.