பறிமுதல்

"இனிமே சின்னவன் வாயில மிட்டாய், ஜூஸ் எதுவும் போகக் கூடாது" என்று பல் டாக்டர் சொன்ன அன்றே, பத்து வயதுப் பெரியவளைக் காவலுக்குப் போட்டேன். நான் வேலை முடிந்து வருவதற்குள் யாராவது அவனுக்கு எதையாவது கொடுத்துவிடுகிறார்கள்.

அவள் கெட்டிக்காரி. தம்பி பள்ளியிலிருந்து வந்ததும் பை, பாக்கெட், சாக்ஸ் வரை துழாவிவிடுவாள்.

"இன்னிக்கு ரெண்டு சாக்லேட், ஒரு ஜூஸ்மா. குப்பையில போட்டுட்டேன்."

போகப் போக, கையில் கிடைத்ததை அவனே அக்காவிடம் நீட்டப் பழகிவிட்டான்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் அவன் பல்லைப் பார்த்தார்.

"புதுசா ஒரு சொத்தைகூட இல்லையே."

"எல்லாம் இவளாலதான் டாக்டர்" என்று பெரியவளைப் பெருமையாக முன்னால் தள்ளினேன்.

"அப்படியா? நீயும் ஒரு தடவை ஆ காட்டு, பாப்பா."

அவள் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். நான்தான் தாடையைப் பிடித்துத் திறந்தேன்.

"நாலு சொத்தை" என்றார் டாக்டர்.

பறிமுதல் செய்ததெல்லாம் எங்கே போனது என்று எனக்கு மட்டுமா புரிந்தது? சின்னவனின் உதடு துடித்தது.

"நேத்து பெரிய சாக்லேட்டை நானே கொண்டுவந்து குடுத்தேனே அக்கா. குப்பையில போட்டுட்டு வந்து, உனக்குக் குடுக்க முடியலையேடான்னு அழுதியே. நான்தானே உன் கண்ணைத் துடைச்சுவிட்டேன்."

பெரியவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"அழுதது நிஜம்தான்டா. கடிச்சதும் பல்லு அப்படி வலிச்சுது."