கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்

"சரியான போஜனப்பிரியரு நம்ம ஆயரு. அறுப்புப் பண்டிகை முடியட்டும், அன்னைக்கே கமிட்டியக் கூட்டி, வேற ஊருக்கு மாத்தச் சொல்லிப்போடறேன்."

பெருந்துறை சபைச் செயலாளர் ஞானசிகாமணி மனைவியிடம் பொருமினார்.

"ஏசுவையும் போஜனப்பிரியன்னுதானுங்க பேசுனாங்க" என்றாள் எப்சிபா.

அவர் காதில் அது ஏறினால்தானே! வயிறு எரிந்தது அவருக்கு. புது ஆயர் எபநேசர் இவர்கள் வீட்டுக்கு வந்தால் காப்பியைக்கூடத் தொடுவதில்லை. "இப்பத்தானுங்க காலனியில கருப்பாத்தா ஊட்டுல சாப்புட்டேன். வயித்துல எடமில்லீங்க" என்று சிரிப்பார்.

அதுவும், கூப்பிட்டா போனார்? வாசலில் நின்று, "அம்மணி, பசிக்குது. சோறு இருக்குதுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்கிறாராம். சபை மானமே போகிறது.

"கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமசு அங்க பிரியாணிப் பொட்டலம் குடுக்கறோம். ஒருத்தராச்சும் கோயில் வாசல மிதிச்சாங்களா? இவரு என்னடான்னா, அவங்க சோத்தையே தின்னுபோட்டு வாராரு."

பண்டிகை நாள் வந்தது. ஆராதனை தொடங்கும் நேரம், வாசலில் சலசலப்பு. காலனியே திரண்டு வந்துகொண்டிருந்தது. பெண்கள் கையில் தூக்குப்போசி. கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் மணத்தன. முன்னால் கருப்பாத்தாள், கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுவருகிறவளைப் போல நிமிர்ந்து நடந்தாள்.

பெஞ்சு போதாமல் ஜமக்காளம் விரித்தார்கள். இந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்த ஞானசிகாமணி, கோயில் இப்படி நிறைந்து பார்த்ததே இல்லை. பாட்டுச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் மனசு பொறுக்காமல் கருப்பாத்தாளிடமே போனார். "ஏனுங்க அம்மணி, இத்தனை வருசம் நாங்க பிரியாணி குடுத்துக் கூப்பிட்டோம், வரலை. இப்ப மட்டும் எப்படி?"

"நீங்க குடுத்துபோட்டு ஆட்டோவுல ஏறிருவீங்கய்யா. எங்க ஊட்டுச் சோத்த யாருங்க கேட்டா? ஆயரு கேட்டாருங்க. ஏசுசாமியும் கெணத்தடியில ஒரு பொம்பளகிட்டத் தண்ணி கேட்டுத்தான் பேச்சை ஆரம்பிச்சாருன்னு சொன்னாருங்க. நம்மகிட்டக் கேக்கற சாமியா, பார்த்துபோட்டு வரலாம்னுதான் எல்லாரும் கெளம்பிட்டோமுங்க."



விருந்துக்குப் பந்தல் தயாரானது. எப்சிபா பக்கத்தில் வந்து மெல்லச் சீண்டினாள். "என்னங்க, கமிட்டியக் கூட்டலீங்களா?"

அவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய், கருப்பாத்தாளின் போசிக்கு முன்னால் நின்றார்.

"அம்மணி, பசிக்குது. சோறு இருக்குதுங்களா?"